அடுப்படிக் குழாயும் வாடகை லைசென்சும்

வீட்டைப் புதுப்பிக்கக் கிளம்புகிறவர் பெரும்பாலும் முதலில் கை வைக்கும் இடம் அடுப்படி. பழைய மேடையை இடிக்கிறார், கருங்கல் பலகை பதிக்கிறார், அலமாரி அடிக்கிறார், புகைபோக்கி மாட்டுகிறார். அடுப்பு இருந்த இடம் மாறிவிடுகிறது. அடுப்பு மாறினால் எரிவாயுக் குழாயும் மாறத்தானே வேண்டும்? "இருக்கிற குழாயிலிருந்து ஒரு கிளை இழுத்து விடப்பா, நாலடிதானே!" என்கிறார் வீட்டுக்காரர். மேஸ்திரி தலையாட்டுகிறார். தண்ணீர்க் குழாய் போட்ட அதே கை எரிவாயுக் குழாயையும் போட்டு, கூலியை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறது.

இதில் எழுத என்ன இருக்கிறது, கருத்துப் பகுதியில் குழாய் வேலைக்கு என்ன இடம் என்று தோழர்கள் கேட்கக்கூடும். இருக்கிறது என்கிறோம் நாம். அந்த நாலடிக் குழாய்க்குள்ளே வாடகை இருக்கிறது, லாபம் இருக்கிறது, கூலி இருக்கிறது, சட்டம் இருக்கிறது. உயிரும் இருக்கிறது. யாருடைய உயிர் என்பதுதான் கேள்வி.

நியூயார்க் நகரத்தில் நடந்ததைக் கேளுங்கள். மன்ஹாட்டனில் ஈஸ்ட் வில்லேஜ் என்றொரு பகுதி. அங்கே செகண்ட் அவென்யூவில் ஒரு மாடிக் கட்டிடம். கீழே ஜப்பானிய உணவு விடுதி, மேலே குடியிருப்புகள். கட்டிடத்துக்குச் சொந்தக்காரர் ஒரு பெண்மணி. மேல்மாடிகளைப் புதுப்பித்தார். புதுப்பித்த வீட்டுக்குப் புது வாடகை என்பது உலகம் முழுவதும் வீட்டுச் சொந்தக்காரர்களின் சாத்திரமல்லவா? ஆனால் அடுப்பு எரியாத வீட்டுக்கு வாடகை வராது. மேல்மாடிக்கு முறைப்படி எரிவாயு கொண்டு போக விண்ணப்பம் போடவேண்டும், குழாய் போடவேண்டும், நகராட்சியும் எரிவாயுக் கம்பெனியும் வந்து சோதிக்கவேண்டும், பிறகுதான் மீட்டர் திறக்கும். அதற்கு நாள் ஆகும். நாள் என்றால் வாடகை நஷ்டம்.

என்ன செய்தார்கள்? கீழே இருந்த உணவு விடுதியின் மீட்டரிலிருந்து வளைகுழாய்களை இழுத்து மேல்மாடிக்கு எரிவாயுவை ஏற்றினார்கள். 2014 ஆகஸ்டில் எரிவாயுக் கம்பெனியின் ஆட்கள் இதைக் கண்டுபிடித்தார்கள், எரிவாயுவை நிறுத்தினார்கள். அத்தோடு புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடுத்த வேலை அதைவிடத் துணிச்சலாக நடந்தது. பக்கத்துக் கட்டிடமும் அவர்களுடையதே. அங்கே மூடப்படாமல் கிடந்த ஒரு மீட்டரிலிருந்து மறைவாக இன்னொரு குழாய் இழுக்கப்பட்டது. சோதனைக்காரர் வரும் நாளில் அதன் வால்வை மூடுவது, அவர் போனதும் திறப்பது. இதுதான் ஏற்பாடு.

2015 மார்ச் 26. எரிவாயுக் கம்பெனியின் சோதனைக்காரர்கள் வந்தார்கள். முறைப்படி நடந்துகொண்டிருந்த புதுக் குழாய் வேலையைப் பார்த்தார்கள். வேலை தேறவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மறைத்து வைத்த குழாய் அவர்கள் கண்ணில் படவில்லை. அவர்கள் தெருவைக் கடந்தார்களோ இல்லையோ, வால்வு திறக்கப்பட்டது. சிறிது நேரத்தில் உணவு விடுதியில் எரிவாயு நாற்றம். விடுதிக்காரர் கட்டிடச் சொந்தக்காரிக்குச் செய்தி சொன்னார். அவருடைய மகனும் காண்ட்ராக்டரும் நிலவறையை எட்டிப் பார்த்தார்கள். நாற்றம் மூக்கைத் துளைத்தது. ஓடினார்கள்! வெளியே ஓடினார்கள்! உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு சொல் இல்லை. பரிமாறிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு சொல் இல்லை. தீயணைப்புப் படைக்கு ஒரு தொலைபேசி இல்லை. தெருவில் இருந்த கண்காணிப்புக் காமிரா அந்த ஓட்டத்தைப் பதிவு செய்து வைத்திருந்தது.

கட்டிடம் வெடித்தது. தீ பரவியது. மூன்று கட்டிடங்கள் நாசமாயின. பலர் காயமடைந்தார்கள். இரண்டு இளைஞர்கள் மாண்டார்கள். ஒருவர் சாப்பிட வந்தவர். மற்றவர் குவாத்தமாலா நாட்டிலிருந்து பிழைக்க வந்து, அந்த விடுதியில் எச்சில் தட்டு எடுக்கும் வேலை பார்த்தவர். மேல்மாடி வாடகையில் அவருக்கு என்ன பங்கு? புதுப்பித்த அடுப்படியில் அவர் ஒரு நாள் சமைத்ததுண்டா? யாருடைய லாபத்துக்காகவோ இழுத்த குழாய், யாரையோ கொன்றது.

வழக்கு நடந்தது. 2019 நவம்பரில் கட்டிடச் சொந்தக்காரி, காண்ட்ராக்டர், குழாய் போட்டவர் ஆகிய மூவரும் உயிர்ச்சேதத்துக்குக் குற்றவாளிகள் என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது. 2020 ஜனவரியில் 4 ஆண்டு முதல் 12 ஆண்டு வரை சிறை என்று தண்டனை விதிக்கப்பட்டது. மகன் வழக்கு முடியுமுன்பே, 2017-இல் இறந்துவிட்டார்.

இதுவரை சொன்னது பத்திரிகைகளில் வந்த செய்தி. நாம் தோழர்களின் கவனத்தை இழுக்க விரும்புவது அந்த வழக்கில் வந்த ஐந்தாவது ஆளைப் பற்றி. அவர் லைசென்ஸ் பெற்ற பிளம்பர். அவர் அந்தக் குழாயைத் தொடவில்லை. அவர் செய்ததெல்லாம், தமது லைசென்சை, லைசென்ஸ் இல்லாத அந்தக் குழாய்க்காரருக்குப் பயன்படுத்தக் கொடுத்ததுதான். காகிதத்தில் ஒரு பெயர். குழாயில் வேறொரு கை. நகராட்சியின் கோப்பைப் புரட்டினால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். நிலவறைக்குப் போய்ப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

வாடகை லைசென்ஸ்! இந்தச் சரக்கு நமக்குப் புதியதா, தோழர்களே? மருந்துக் கடையிலே சுவரில் தொங்கும் சான்றிதழ் ஒருவருடையது, மருந்து எடுத்துக் கொடுப்பவர் வேறொருவர் என்பதை நாம் கண்டதில்லையா? மின்சார இணைப்பு மனுவில் ஒருவர் கையெழுத்து, கம்பத்தில் ஏறுவது இன்னொருவர் என்பதை நாம் கண்டதில்லையா? கையெழுத்துப் போட்டவருக்கு உட்கார்ந்த இடத்தில் பணம். கம்பத்தில் ஏறியவருக்கு அன்றாடக் கூலி. விபத்து வந்தால் கம்பத்தில் ஏறியவருக்குப் பாடை.

லைசென்ஸ் இல்லாமல் குழாய் போட்டவரும் தண்டனை பெற்றாரே, அவரும் உழைப்பாளிதானே என்று ஒருவர் நம்மைக் கேட்டார். ஆம், கையால் வேலை செய்தவர்தான். அதனால் என்ன? மேலே ஆள் குடியிருக்கிறான், கீழே ஆள் சாப்பிடுகிறான் என்று தெரிந்தே திருட்டுக் குழாய் இழுத்தவருக்காக நாம் வக்காலத்து வாங்க முடியாது. வேலையறிந்த தொழிலாளிக்கு ஒரு மானம் உண்டு. "இது முறையல்ல, செய்யமாட்டேன்" என்று சொல்லும் உரிமை அந்த மானத்தில் அடங்கியது. அப்படிச் சொன்னால் நாளைக்கு வேலை இருக்காது என்கிற நிலையை உண்டாக்கி வைத்திருப்பவர் யார் என்பதை மட்டும் சேர்த்தே கேட்கவேண்டும் என்கிறோம்.

தண்ணீர்க் குழாய்க்கும் எரிவாயுக் குழாய்க்கும் என்ன வேற்றுமை? தண்ணீர் ஒழுகினால் சுவர் ஈரமாகும், கண்ணுக்குத் தெரியும், வாளி வைத்துப் பிடிக்கலாம். எரிவாயு கண்ணுக்குத் தெரியாது. இயற்கையில் அதற்கு நாற்றமும் கிடையாது. நாம் முகர்கிற அந்த அழுகல் வாடை, மெர்காப்டன் என்னும் கந்தகப் பொருளை வேண்டுமென்றே கலப்பதால் வருவது. அந்த வாடை எரிவாயுவுக்குள் நுழைந்த கதையும் இரத்தத்தால் எழுதப்பட்ட கதையே. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்து நியூ லண்டன் என்னும் ஊர். எண்ணெய்ச் செல்வம் கொழித்த வட்டாரம். அங்கே பள்ளிக்கூட நிர்வாகிகள், எரிவாயுக்குக் கட்டும் மாதப் பணத்தை மிச்சம் பிடிக்க, எண்ணெய்க் கம்பெனி ஒன்றின் கழிவு வாயுக் குழாயில் கிளை போட்டுப் பள்ளியின் கணப்புகளுக்கு இழுத்துக்கொண்டார்கள். வாடையில்லாத வாயு கட்டிடத்துக்கு அடியில் கசிந்து நிறைந்தது. 1937 மார்ச் 18 அன்று தொழிற்பயிற்சி அறையில் ஒரு மின்சார இயந்திரத்தின் விசையைத் தட்டினார்கள். பொறி பறந்தது. ஏறத்தாழ 300 பேர் மாண்டார்கள், பெரும்பாலோர் பிள்ளைகள். செல்வம் கொழித்த ஊரில் எரிவாயுக் கணக்கில் மிச்சம் பிடித்தார்கள்! அதன் பிறகுதான் எரிவாயுவில் வாடை கலக்கவேண்டும் என்று டெக்ஸாசில் சட்டம் வந்தது. மற்ற இடங்களுக்கும் பரவியது.

ஒரு கிளைக் குழாய் போடுவது எத்தனை கணக்குள்ள வேலை என்பதை வீட்டுக்காரர்கள் அறிவதில்லை. இரண்டு அடுப்புக்கு அளவெடுத்துப் போட்ட குழாயில் மூன்றாவதாக ஒரு வெந்நீர்க் கொதிகலனை மாட்டினால், எல்லாம் சேர்ந்து எரியும்போது அழுத்தம் தாழும், சுடர் சுருங்கும், அணையும். அணைந்த அடுப்பில் எரிவாயு மட்டும் வந்துகொண்டிருக்கும். ஆகவே எத்தனை அடுப்பு, எவ்வளவு தூரம், எத்தனை வளைவு என்று பார்த்துத்தான் குழாயின் பருமனைத் தீர்மானிக்கவேண்டும். ஒவ்வோர் அடுப்புக்கும் கைக்கெட்டும் தூரத்தில் தனி வால்வு வேண்டும். வேலை முடிந்ததும் குழாயில் காற்றை அடைத்து, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று காத்திருந்து பார்க்கவேண்டும். மூட்டுகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கவேண்டும். தீக்குச்சி கிழித்துக் கசிவு பார்க்கிற வீரர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி என்ன சொல்வது!

சிலிண்டரில் வரும் வாயுவும் குழாயில் வரும் இயற்கை எரிவாயுவும் ஒன்றல்ல என்பதையும் பலர் அறியார். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு தரையாகப் படரும். குழாயில் வருவது மீத்தேன், காற்றைவிட லேசு, கசிந்தால் கூரைக்கு ஏறும். ஆகவே ஒன்றுக்குக் கீழே திறப்பு வேண்டும், மற்றொன்றுக்கு மேலே. சிலிண்டருக்கென்று செய்த அடுப்பைக் குழாயில் அப்படியே மாட்ட முடியாது. அதன் ஜெட்டை மாற்றவேண்டும். காற்றில் மீத்தேன் நூற்றுக்கு 5 பங்கு முதல் 15 பங்கு வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். புதுப்பித்த அடுப்படியில் அழகுக்காகக் குழாயைப் பலகைக்குள் மறைத்து, மேலிருந்த காற்றுத் துவாரத்தையும் அடைத்து அலமாரி செய்கிறார்களே, அந்த அலமாரிக்குள் சேரும் வாயு யாருக்குத் தெரியும்?

"இதெல்லாம் பணக்காரர் வீட்டுக் கவலை, நமக்கென்ன?" என்று எண்ணுகிற தோழருக்கு இன்னொரு செய்தி. அது பாட்டாளிகள் குடியிருந்த வீடு.

லண்டனின் கிழக்குப் பகுதியில் நியூஹாம் நகராட்சி, குடிசைகளை அகற்றித் தன் மக்களுக்கு அடுக்குமாடி கட்டியது. ரோனன் பாயிண்ட் என்பது ஒரு மாடியின் பெயர். 22 அடுக்கு. தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டுவந்து சீட்டுக்கட்டு அடுக்குவதுபோல் அடுக்கிக் கட்டியது. விரைவில் முடியும், செலவு குறையும் என்றார்கள். 1968 மார்ச்சில் குடியேற்றம். 1968 மே 16 அன்று விடியற்காலையில், 18-ஆவது மாடியில் குடியிருந்த ஒரு பெண்மணி தேநீர் போட அடுப்பைப் பற்றவைத்தார். வெடித்தது. சுவர்ப் பலகை வெளியே பெயர்ந்தது. அது தாங்கி நின்ற மேல்மாடிகள் சரிந்தன. சரிந்த பாரம் கீழ்மாடிகளையும் இழுத்துக்கொண்டு போயிற்று. கட்டிடத்தின் ஒரு மூலை உச்சியிலிருந்து அடிவரை உதிர்ந்தது. 4 பேர் இறந்தார்கள். அடுப்பைப் பற்றவைத்தவர் உயிர் பிழைத்தார்.

ஹியூ கிரிஃபித்ஸ் என்னும் வழக்கறிஞர் தலைமையில் விசாரணை நடந்தது. அடுப்பையும் குழாயையும் இணைத்த பித்தளை மரை தரக் குறைவானது. அது உடைந்து வாயு கசிந்திருக்கிறது என்று கண்டார்கள். ஒரு பித்தளை மரை! ஆனால் விசாரணை அத்தோடு நிற்கவில்லை. அந்தப் பெண்மணியின் செவிப்பறை கிழியவில்லை. ஆகவே வெடிப்பு பெரிதல்ல. சிறிய வெடிப்பைக்கூடத் தாங்காதபடி கட்டிடம் கட்டப்பட்டிருந்தது என்பதே பெரிய குற்றம் என்பது வெளிவந்தது. 1970-இல் பிரிட்டனில் கட்டிட விதிகள் திருத்தப்பட்டன. ரோனன் பாயிண்டை 1986-இல் பிரித்தபோது, பலகைகள் சேரும் மூட்டுகள் சரிவர நிரப்பப்படாமலே கிடந்ததைக் கண்டார்கள். அவசரக் காண்ட்ராக்டு வேலை வேறெப்படி இருக்கும்?

இப்போது நம் ஊருக்கு வருவோம். எண்ணூர்த் துறைமுகத்தில் திரவ இயற்கை எரிவாயு முனையம் 2019-இல் திறக்கப்பட்டது. 2006-இல் நாடாளுமன்றம் செய்த சட்டத்தின் கீழ் ஏற்பட்ட பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம், நகரங்களையும் மாவட்டங்களையும் வட்டாரங்களாகப் பிரித்துக் கம்பெனிகளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறது. சென்னையிலும் கோவையிலும் வேறு சில இடங்களிலும் அடுப்படிக்குக் குழாய் வரத் தொடங்கிவிட்டது. தெருவில் பள்ளம் தோண்டி மஞ்சள் குழாய் புதைப்பதைத் தோழர்கள் பார்த்திருப்பார்கள். குழாய் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 14.2 கிலோ வாயுவும் இரும்புக் கூடுமாக ஏறத்தாழ 30 கிலோவைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்றாவது மாடி ஏறுகிற தோழரின் முதுகு நமக்குத் தெரியும். குழாய் வந்தால் அந்த முதுகுக்கு ஓய்வு. வயிற்றுக்கு என்ன வழி என்று அனுமதி கொடுத்தவர்கள் யோசித்தார்களா என்பது தனியாக எழுதவேண்டிய விஷயம்.

மீட்டர்வரை கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். மீட்டருக்குப் பிறகு? இரண்டாண்டு கழித்து வீட்டுக்காரர் அடுப்படியை இடித்துக் கட்டுகிறார். கம்பெனிக்குச் சொல்லி அனுப்பினால் கட்டணம், காத்திருப்பு. தெருமுனையில் இருக்கிற பிளம்பரைக் கூப்பிட்டால் மாலைக்குள் முடியும். நியூயார்க்கில் வாடகைக்காக நடந்தது, இங்கே ஓர் இரவுச் சமையல் தடைப்படக் கூடாது என்பதற்காக நடக்கும். டீக்கடைகளிலே ஒரு சிலிண்டரில் கிளை மூட்டுப் போட்டு இரண்டு அடுப்பை எரிக்கிற பழக்கத்தைப் பார்க்கிற நமக்கு, இதில் சந்தேகம் இல்லை. வாடகை வீட்டில் குடியிருக்கிற தோழருக்கோ அந்தத் தீர்மானத்தில் வாய்கூடக் கிடையாது. வீட்டுக்காரர் இழுத்த குழாய்; குடியிருப்பவர் தலையில்.

நியூயார்க் நகரசபை 2016-இல் சட்டங்கள் செய்தது. எரிவாயுக் குழாயில் கை வைக்கிறவர் தாமே அதற்குத் தகுதி பெற்றவராக, அல்லது தகுதி பெற்றவரின் நேர் மேற்பார்வையில் வேலை செய்கிறவராக இருக்கவேண்டும் என்றார்கள். ஒரு குடும்பம், இரு குடும்பம் வசிக்கும் சிறு வீடுகள் போக, மற்றக் கட்டிடங்களின் எரிவாயுக் குழாய்களை 4 ஆண்டுக்கு ஒருமுறை சோதித்தாக வேண்டும் என்றார்கள். இரண்டு இளைஞர்கள் மாண்ட பிறகு வந்த ஞானம். இங்கே யாரும் மாளுமுன்பே அந்த ஞானம் வரக் கூடாதா?

நாம் கேட்பவை வெகு சாதாரணமானவை. எரிவாயுக் குழாய் போடும் பிட்டர்களுக்கு அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையங்களில் பயிற்சி கொடுங்கள். தேறியவர் கையில் அவர் படம் ஒட்டிய லைசென்சைக் கொடுங்கள். அது காண்ட்ராக்டரின் இரும்புப் பெட்டியில் கிடக்கக் கூடாது. போட்டவர் பெயரும் சோதித்தவர் பெயரும் நாளும் மீட்டரின் பக்கத்தில் ஒரு தகட்டில் இருக்கட்டும். போட்டவரும் சோதித்தவரும் ஒருவராக இருக்கக் கூடாது. அடுப்படி மாற்றத்துக்குக் குழாயை நகர்த்தக் கம்பெனி வாங்கும் கட்டணத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, இத்தனை நாளுக்குள் ஆள் வரவேண்டும் என்று கெடுவும் வையுங்கள். கட்டணமும் தாமதமும்தான் மக்களைத் திருட்டுக் குழாய்க்குத் துரத்துகின்றன; அவற்றை வைத்துக்கொண்டே மக்களுக்கு எச்சரிக்கைச் சுவரொட்டி ஒட்டிப் பயனில்லை. வாடகைக்கு விடுகிற வீட்டில் குழாயை மாற்றினால், சோதனைச் சீட்டின் பிரதி குடியிருப்பவர் கையில் போய்ச் சேரவேண்டும்.

கட்டிடத் தொழிலாளர் சங்கத் தோழர்களிடம் ஒரு வேலை இருக்கிறது. குழாய் வேலை நடக்கும் இடங்களில் யார் பெயரில் வேலை, யார் கையில் கருவி என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சோதனை முடியுமுன் வால்வைத் திறக்கச் சொல்லி, மாட்டேன் என்று சொன்ன பிட்டருடைய அன்றையக் கூலியை எந்தக் காண்ட்ராக்டராவது பிடித்தால், அந்தக் கணக்கைச் சங்கம் எடுத்துக்கொண்டு தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகட்டும். அங்கே இந்தக் குழாய்களைப் பற்றி ஒரு கோப்பு இருக்கிறதா என்றும் கேட்டு வரட்டும்.